பழைய வாத்துக் கூட்டத்தில் புதுக் குஞ்சுகளைச் சேர்த்தல்

வாத்துக்குஞ்சுகளை முதல் சில வாரங்களுக்குக் காப்பாற்றி வளர்ப்பது எவ்வளவு பொறுப்பான வேலையோ, அதற்குச் சற்றும் குறையாதது அவற்றை ஏற்கெனவே வீட்டில் இருக்கும் வாத்துக் கூட்டத்தோடு சேர்த்துவைப்பது. முதல் வேலைக்கு வெப்பம், தீவனம், தண்ணீர் என்று தெளிவான அளவுகள் உண்டு. அவற்றைப் பின்பற்றினால் பெரும்பாலும் போதும். இரண்டாவது வேலையில் நாம் எதிர்கொள்வது, தங்களுக்குள் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டு வாழும் பறவைகளை. தீவனத் தட்டுக்கு யார் முதலில் போவது, தொட்டியில் யார் முதலில் இறங்குவது, கொட்டிலின் எந்த மூலையில் யார் படுப்பது என்பதெல்லாம் அவற்றுக்குள் என்றோ முடிவாகிவிட்டவை. புதியவர்கள் வந்தவுடன் அந்த முடிவுகளெல்லாம் மறுபடியும் எடுக்கப்பட வேண்டியிருக்கிறது. அவற்றை வாத்துகள் அலகால்தான் எடுக்கின்றன. அலகு வேலை செய்யத் தொடங்கும் முன்னால் கண்ணுக்கும் காதுக்கும் போதிய காலம் கொடுத்துவிட்டால், பிறகு நடக்கும் சண்டை சிறியதாகவும் குறுகியதாகவும் இருக்கும் என்பது இத்தனை காலம் வாத்து வளர்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. இந்தப் பதிவு முழுவதும் அதைச் சுற்றியதே.

எத்தனை வாரத்தில் சேர்க்கலாம் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. வாரக் கணக்கை ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாமே தவிர, குஞ்சின் உடம்பைப் பார்த்து முடிவெடுப்பதே சரியானது. பொரித்த முதல் வாரத்தில் குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் தேவை. அதன்பின் வாரத்துக்கு 3 டிகிரி என்ற அளவில் குறைத்துக்கொண்டே வந்து வெளிக்காற்றின் வெப்பநிலைக்குப் பழக்குகிறோம். மென்தூவி உதிர்ந்து இறகு முளைக்கும்போது தோளிலும் வயிற்றிலும் முன்னதாக வரும். கழுத்தும் முதுகும் அதற்குப் பின்னால் நிறையும். இறக்கையின் பெரிய இறகுகள் எல்லாவற்றுக்கும் கடைசி. பெரும்பாலான இனங்களில் 7 முதல் 9 வாரத்துக்குள் இது முடிந்துவிடுகிறது. நான் குறிப்பாகப் பார்ப்பது பிடரியையும் முதுகையும்தான். ஏனென்றால் பெரிய வாத்து துரத்திப் பிடிக்கும்போது அலகு போய் விழும் இடங்கள் அவை. இறகு மூடாத தோலில் விழும் பிடி, அதே வலுவோடு இறகின் மேல் விழும் பிடியைவிட மிக அதிகமாகக் காயப்படுத்தும்.

உடலளவையும் கவனிக்க வேண்டும். குஞ்சு பெரிய வாத்தில் முக்கால் பங்காவது வளர்ந்திருப்பது நல்லது. ஆனால் வெவ்வேறு இனங்களைச் சேர்த்து வளர்ப்பவர்கள் இங்கே ஏமாந்துபோக இடமுண்டு. பெக்கின் இனத்துக் குஞ்சு 7 வாரத்திலேயே 3 கிலோ அளவை எட்டிவிடக்கூடியது. முழுதாக வளர்ந்த ரன்னர் வாத்தே 2 கிலோ அளவுதான் இருக்கும். ஆகவே ரன்னர் கூட்டத்துக்குள் விடப்படும் பெக்கின் குஞ்சு பார்வைக்குப் பெரியதாக இருந்தாலும், அதன் கால் மூட்டுகள் இன்னும் உறுதிப்படவில்லை. துரத்தினால் நின்று எதிர்க்கவும் அதற்குத் தெரியாது. ஓடிச் சரிந்து விழுந்து காலைப் பிசகவைத்துக்கொள்ளும். மறுபக்கம், சிறிய இனத்துக் குஞ்சு எத்தனை மாதம் வளர்ந்தாலும் மஸ்கோவி ஆண் வாத்தின் எடைக்கு அருகில்கூட வராது. அத்தகைய கூட்டத்தில் அளவு சமமாகும்வரை காத்திருப்பதில் பொருளில்லை. ஒதுங்கிக்கொள்ள நிரந்தரமான இடம் செய்துகொடுப்பதுதான் வழி.

குஞ்சுகள் வெளியிலிருந்து வாங்கிவரப்பட்டவை என்றால், கூட்டத்தின் அருகே கொண்டுபோவதற்கு முன்பே குறைந்தது 3 அல்லது 4 வாரமாவது தனியிடத்தில் வைத்திருப்பது கட்டாயம். வாத்து பிளேக் போன்ற நோயிலிருந்து பிழைத்த பறவை, பார்வைக்கு நலமாக இருந்துகொண்டே கிருமியைச் சுமக்கக்கூடும். ஆபத்து எதிர்த்திசையிலும் உண்டு. வாத்துக் கல்லீரல் அழற்சி ஆறு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுகளைத்தான் தாக்கிக் கொல்கிறது. பெரிய வாத்துகளுக்கு அதனால் நோய் தெரிவதில்லை. அதனால் இரு பக்கத்துக்கும் தனித்தனித் தட்டு, தனித்தனிச் செருப்பு, இடையில் கை கழுவுதல் ஆகியவற்றை அந்த வாரங்களில் விடாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

அடுத்தது வேலி. இந்த முழுச் செயலிலும் மிகப் பயனுள்ள கருவி எது என்று கேட்டால், தயங்காமல் கம்பிவலை வேலி என்பேன். பெரிய வாத்துகள் உலவும் இடத்துக்குள்ளேயே, அவற்றின் வழக்கமான நடமாட்டத்துக்கு ஓரமாக, ஒரு பகுதியை வலையால் தடுத்துக் குஞ்சுகளைப் பகல் முழுவதும் அங்கே விட வேண்டும். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பெரிய கண்ணுள்ள வலையில் குஞ்சு தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். அல்லது பெரிய வாத்து அலகை நுழைத்துக் குஞ்சின் சிறகைப் பிடித்து இழுக்கும். வலையின் அடிவிளிம்பை மண்ணில் சிறிது புதைத்துவிட வேண்டும், ஏனென்றால் வாத்துகள் ஈர மண்ணை அலகால் தோண்டித் தோண்டியே வேலிக்கு அடியில் வழி செய்துவிடும். மேற்புறத்தையும் மூடிவிட்டால் காகம், பருந்து, பூனை பற்றிய கவலை இராது. குஞ்சுகளின் பகுதியில் ஒரு பக்கமாவது பலகையோ தட்டியோ வைத்து, அவை விரும்பினால் பார்வையிலிருந்து மறைந்துகொள்ள இடம் கொடுக்க வேண்டும். நாள் முழுவதும் ஒளிய இடமின்றி மிரட்டலைப் பார்த்துக்கொண்டிருப்பது அவற்றை உண்ணவிடாது.

முதல் நாட்களில் வேலியருகே நடப்பதை உட்கார்ந்து பார்க்க நேரம் ஒதுக்குவது வீண்போகாது. என்னிடமுள்ள மூத்த பெட்டை, குஞ்சுகள் கண்ணில் பட்டவுடன் கழுத்தைத் தரைக்கு இணையாக நீட்டி, அலகைத் திறந்தபடி, வேலியின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக விரைந்து நடந்தாள். மற்றவை அவள் பின்னால் வரிசையாகச் சென்றன. ஆண் வாத்து சற்றுத் தள்ளி நின்று தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. குஞ்சுகளோ எதிர் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்துவிட்டன. அதைப் பார்க்கும்போது இவை ஒருநாளும் ஒன்றுசேராது என்றே தோன்றும். ஆனால் நாட்கள் செல்லச் செல்ல அந்த நடை குறைந்தது. பிறகு ஒரு பிற்பகலில் அதே பெட்டை வேலியோடு ஒட்டி, குஞ்சுகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாலடியிலிருந்த எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டுத் தொட்டு இறகைக் கோதத் தொடங்கினாள். வலையின் மறுபுறம் இரண்டு குஞ்சுகள் அவள் வால் இறகு வெளியே நீட்டிய இடத்தில் ஒட்டிப் படுத்து உறங்கின.

நான் எதிர்பார்த்துக் காத்திருக்கும் அறிகுறி அதுதான். வாத்து தனக்கு ஆபத்தென்று கருதும் ஒன்றன் அருகில் இறகு கோதாது. அதற்கு முதுகைக் காட்டி உறங்கவும் செய்யாது. வேலிக்கு இருபுறமும் அருகருகே கோதுவதும் உறங்குவதும் நடக்கிறதென்றால், இரு கூட்டமும் ஒன்றையொன்று அறிந்துகொண்டுவிட்டன. பொதுவாக இதற்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ போதும் என்பார்கள். சில கூட்டங்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். காலண்டரைப் பார்த்து வேலியைத் திறப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, இந்த அறிகுறி தெரியும்வரை பொறுத்திருங்கள் என்பதே. தீவனத் தட்டுகளை வேலியின் இருபுறமும் நேரெதிராக வைத்தால் பழக்கம் சற்று விரைவாகக் கூடுகிறது. சேர்ந்து உண்ணும் பழக்கம் தடுப்புக்கு ஊடாகவே தொடங்கிவிடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒற்றைக் குஞ்சைக் கூட்டத்தில் சேர்க்க முயலக்கூடாது. குறைந்தது இரண்டு, இயன்றால் மூன்று நான்கு குஞ்சுகள் ஒன்றாக வளர்ந்து ஒன்றாகவே உள்ளே செல்ல வேண்டும். தனியாகச் செல்லும் குஞ்சின் மேல் கூட்டத்தின் முழுக் கவனமும் விழுகிறது; ஒதுங்கினாலும் அதற்குத் துணை கிடையாது. கூட்டமாகச் செல்பவை முதல் வாரங்களில் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டு, பெரியவற்றின் ஓரத்தில் ஒரு சிறிய தனிக் கூட்டமாகத் திரியும். பெரியவையோடு அவை உடனே கலக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை; அப்படி இருப்பதே இயல்பு.

வேலியைத் திறக்கும் நாளில் நான் விரும்புவது காலை நேரத்தையும் விசாலமான இடத்தையும். கோழி வளர்ப்பவர்கள் புதிய கோழிகளை இரவில் கூண்டுக்குள் வைத்துவிட்டால் காலையில் எல்லாம் பழகிவிடும் என்று சொல்வதுண்டு. இருட்டில் கோழி அசையாமல் அமர்ந்திருப்பதால் அந்த உத்தி அங்கே ஓரளவு பலிக்கிறது. வாத்து அப்படியில்லை, இருட்டிலும் அதற்குக் கண் நன்றாகத் தெரியும், இரவில் எழுந்து நடக்கும், தண்ணீர் குடிக்கும், சண்டையும் போடும். அடைத்த கொட்டிலில், ஓடவும் இடமில்லாமல், நாம் பார்க்கவும் முடியாத இரவு நேரத்தில் முதல் சந்திப்பை நடத்துவது குஞ்சுகளுக்கு நாம் செய்யும் கொடுமை என்றே சொல்வேன். பகலில், பரந்த இடத்தில், பெரிய வாத்துகள் வயிறு நிரம்ப மேய்ந்தபின் திறந்துவிட்டு, முதலில் சிறிது நேரம் மட்டும் சேர்த்துவைத்து, மறுபடி பிரித்து, நாளுக்கு நாள் அந்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பிடித்தமான தீனியைப் பரவலாகத் தூவிவிட்டால் எல்லாவற்றின் கவனமும் மண்ணுக்குப் போய்விடும். ஒரே குவியலாகக் கொட்டினால் அதுவே சண்டைக்குக் காரணமாகிவிடும். தீவனத் தட்டும் தண்ணீரும் ஒன்றையொன்று பார்க்க முடியாத இரண்டு மூன்று இடங்களில் இருந்தால், வலுத்த வாத்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காவல் காக்க முடியாது.

சேர்ந்த பிறகு துரத்தல் இருக்கத்தான் செய்யும். கழுத்தை நீட்டி ஓடிவருவது, வாலிறகையோ சிறகையோ ஒருமுறை கவ்வி இழுத்துவிட்டு விலகுவது, நெஞ்சோடு நெஞ்சு முட்டித் தள்ளுவது ஆகியவை யாவும் ஒழுங்கை வகுக்கும் முறையே. துரத்தப்பட்டது விலகியவுடன் துரத்தியது நின்றுவிட்டால் நாம் குறுக்கிடக்கூடாது. ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் விலக்குபவர்களின் கூட்டத்தில் ஒழுங்கு ஏற்படவே தாமதமாகிறது. குறுக்கிட வேண்டிய நிலைகள் வேறு: விலகி ஓடியதையும் விடாமல் துரத்துவது, பிடரியைக் கவ்வித் தரையோடு அழுத்திப் பிடிப்பது, பல வாத்துகள் சேர்ந்து ஒன்றை மூலையில் நெருக்குவது, இரத்தம் தெரிவது. இவற்றில் ஏதேனும் ஒன்று கண்ணில் பட்டால் உடனே பிரித்து மறுபடி வேலிக்குப் பின்னால் கொண்டுபோய்விட வேண்டும். மற்றோர் அறிகுறி அமைதியாக இருப்பதால் எளிதில் தவறிவிடும்: குஞ்சு எங்கும் காயமின்றி இருந்தும், தட்டை நெருங்காமல் ஓரமாகவே நின்றுகொண்டிருக்கும். மாலையில் அதைக் கையிலெடுத்துத் தொண்டைக்குக் கீழே தடவிப் பாருங்கள். உண்ட குஞ்சுக்கு அவ்விடம் நிரம்பியிருக்கும். மார்பெலும்பு நாளுக்கு நாள் கூர்மையாகத் தட்டுப்பட்டால் அது பட்டினி கிடக்கிறது.

எப்போதும் ஒரே பெட்டைதான் தொல்லை கொடுக்கிறது என்றால், குஞ்சுகளை வெளியேற்றுவதைவிட அந்தப் பெட்டையைச் சில நாட்களுக்குக் கூட்டத்தின் பார்வையிலிருந்து விலக்கிவைப்பது நல்ல பலன் தருகிறது. திரும்பி வரும்போது அதன் இடம் சற்றுக் கீழிறங்கியிருக்கும். தன் இடத்தைத் தேடிக்கொள்வதிலேயே அதன் கவனம் போய்விடும்.

தீவனத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சேர்ந்து வாழத் தொடங்கியவுடன் குஞ்சும் பெரிய வாத்தும் ஒரே தட்டில்தான் உண்ணும். முட்டையிடும் வாத்துக்கான தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3 விழுக்காடு அளவில் இருக்கும். வளரும் குஞ்சுக்கு 1 விழுக்காடே போதும். கூடுதல் சுண்ணாம்பு குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இதற்கு எளிய வழி, எல்லாவற்றுக்கும் வளரும் பருவத் தீவனத்தையே கொடுத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுவது. முட்டையிடும் பெட்டை தனக்குத் தேவையானதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். குஞ்சுகள் அதைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. புதிய பெட்டைகள் முட்டையிடத் தொடங்கும்வரை இந்த முறையைத் தொடரலாம். நியாசின் என்ற உயிர்ச்சத்தும் முக்கியம். கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு இது கூடுதலாக வேண்டும். ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் அளவு இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. கோழித் தீவனத்தையே கொடுப்பவர்கள் அதில் பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்டான ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூளைக் கலந்து கொடுத்து ஈடுசெய்யலாம். நியாசின் குறைந்த குஞ்சின் கணுக்கால் மூட்டு வீங்கி, கால் வளைந்துவிடும். அத்தகைய குஞ்சு கூட்டத்தில் துரத்தல் வரும்போது ஓட முடியாமல் முதலில் அகப்படும். பூஞ்சை பிடித்த தீவனத்தை ஒருபோதும் கொடுக்கக்கூடாது. அதிலுள்ள அஃப்லாடாக்சின் நஞ்சைத் தாங்கும் ஆற்றல் வாத்துக்குஞ்சுக்கு மிகக் குறைவு.

தண்ணீரைப் பொறுத்தவரை, இறகு முழுதும் முளைக்காத குஞ்சுகளை ஆழமான தொட்டியில் பெரியவற்றோடு நீந்த விடக்கூடாது. தாயில்லாமல் பொரிப்பானில் பொரித்த குஞ்சின் மென்தூவி விரைவில் நனைந்து உடல் குளிர்ந்துவிடும். இறகு முளைத்தபிறகும் தொட்டியில் எளிதாக ஏறி வெளியேறச் சரிவுப் பலகையோ அடுக்கிய கற்களோ இருக்க வேண்டும். தண்ணீருக்குள் பெரிய வாத்தின் அடியில் அகப்படும் குஞ்சு மூழ்கிப்போகக்கூடும். குடிக்கும் பாத்திரம் மட்டும் எல்லா வயதிலும் அலகின் மூக்குத்துளைகள் மூழ்கும் ஆழத்துக்கு இருக்க வேண்டும். துளைகளில் அடையும் தீவனத்தை வாத்து அப்படித்தான் கழுவிக்கொள்கிறது. அதைத் தீவனத்துக்கு அருகிலேயே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உலர்ந்த தீவனம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இரவுத் தங்கலை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பகலில் முழு நாளும் சண்டையின்றிச் சேர்ந்திருக்கப் பழகிய பிறகும், கொட்டிலுக்குள் சில இரவுகள் வலைத் தடுப்புக்கு மறுபுறம் குஞ்சுகளைத் தங்கவைத்து, அதன்பின் தடுப்பை எடுப்பதே பாதுகாப்பானது. ஒரு வாத்துக்கு 4 சதுர அடிக்குக் குறையாமல் உள்ளே இடமிருக்க வேண்டும். புதியவற்றைச் சேர்த்தபின்னும் அந்தக் கணக்கு தேறுகிறதா என்பதைக் குஞ்சு வாங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

கூட்டத்தில் அடைகாக்கும் பெட்டை இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. 28 நாள், மஸ்கோவி என்றால் 35 நாள், அடைகாத்துத் தானே பொரித்த குஞ்சுகளோடு அவள் வெளியே வரும்போது, அறிமுகப்படுத்தும் வேலை முழுவதையும் அவளே ஏற்றுக்கொள்கிறாள். தன் குஞ்சின் பக்கம் தலையைத் திருப்பும் வாத்தின்மேல், அது தன்னைவிட மூத்ததாக இருந்தாலும், இறக்கையை விரித்துப் பாய்வாள். பிறந்ததிலிருந்தே கூட்டத்தின் குரலைக் கேட்டு வளர்வதால் குஞ்சுகளும் புதியவர்களாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குத் தாயையும் குஞ்சுகளையும் வலைக்குள் வைத்திருப்பதே என் வழக்கம். பத்துக் குஞ்சுகளை ஒரே நேரத்தில் எல்லாத் திசையிலும் காப்பது எந்தத் தாய்க்கும் இயலாது.

இனி ஆண் வாத்து. பகல் நீளும் மாதங்களில் ஆண் வாத்தின் இனப்பெருக்க வேகம் மிகுந்திருக்கும்; அப்போது அது வயது பாராமல் இளம் பெட்டைகளின்மேல் ஏற முயலும். உடல் முதிராத குஞ்சுக்கு அதனால் முதுகிலும் இடுப்பிலும் நிலையான ஊனம் ஏற்படலாம். அந்தக் காலம் முடிந்து, ஆண் வாத்து பழைய இறகை உதிர்க்கும் பருவத்தில் அதன் வேகம் தணிந்துவிடும். குஞ்சுகளைச் சேர்க்க அதுவே உகந்த நேரம். காலம் அப்படி அமையாவிட்டால், ஆண் வாத்தைத் தனியே பிரித்துவைத்து, முதலில் பெட்டைகளோடு மட்டும் குஞ்சுகளைப் பழகவிட்டு, அவை நன்கு வளர்ந்த பிறகு அதைத் திருப்பிக் கொண்டுவரலாம். இதில் இரக்கம் பார்த்துத் தயங்குபவர்கள் பிடரியில் இறகு பிடுங்கப்பட்டுத் தோல் தெரியும் ஓர் இளம் பெட்டையை ஒருமுறை பார்த்தால் தயங்கமாட்டார்கள்.

குஞ்சுகளிலேயே ஆண் எது என்பது சேர்த்த பிறகுதான் பெரும்பாலும் தெரியவரும். 6 முதல் 8 வாரத்துக்குள் பெட்டையின் குரல் உடைந்து உரத்த கத்தலாக மாறும். ஆணின் குரல் அடங்கிய கரகரப்பாக நின்றுவிடும். 3, 4 மாதத்தில் ஆணின் வாலில் சுருண்ட இறகு தோன்றும். மஸ்கோவிக்கு மட்டும் இந்த அடையாளங்கள் பொருந்தா. அதுவரை பொருட்படுத்தாமலிருந்த பழைய ஆண் வாத்து, அந்த இளம் ஆணைப் போட்டியாகப் பார்க்கத் தொடங்குவது இதற்குப் பிறகுதான். அமைதியாகக் கலந்துவிட்ட கூட்டத்தில் மாதங்கள் கழித்துத் திடீரென்று சண்டை வருவதற்கு இதுவே காரணம். ஓர் ஆணுக்கு நான்கு அல்லது ஐந்து பெட்டைகளாவது இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட ஆண்கள் இருந்தால், அவற்றைச் சேர்த்துத் தனிக் கொட்டிலில், பெட்டைகள் கண்ணில் படாத தூரத்தில் வைத்துவிடலாம். போட்டியிடப் பெட்டை இல்லாத இடத்தில் ஆண் வாத்துகள் பெரும்பாலும் சண்டையின்றியே வாழ்கின்றன.